பவுடர் பட்டனும் பேச்சியம்மாள் அக்காவின் மச்சமும்

போட்டோ ஸ்டுடியோ வேலை என்பது, ஒரு ஆளை அவருக்கே பிடிக்கிற மாதிரி மாற்றிவிட்டு, பிறகு அந்த ஆள்தான் இவர் என்று ஊரையே நம்ப வைக்கிற வேலை. இதில் என்ன சிரமம் என்று கேட்பவர்கள், தங்கள் அடையாள அட்டையில் இருக்கிற முகத்தை ஒருதரம் எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை, நான் இங்கேயே இருக்கிறேன்.

பார்த்துவிட்டீர்களா? சரி, இனி நாம் ஒரே கட்சி.

திருப்பூர் அருள்புரத்தில், பல்லடம் ரோட்டின் மேல், ஒரு பேக்கரிக்கும் நூல் குடோனுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் மாமாவின் ஸ்டுடியோ. ப்ளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாள் உள்ளே போனேன். காலேஜில் சேர்ந்த பிறகும் சனி, ஞாயிறு அங்கேதான். மாமா வேலை நேரத்தில் பேசுவது மொத்தம் மூன்று வார்த்தை. "தாடை. கண்ணு. ம்." தாடையை இறக்குங்கள், கண்ணைத் திறந்து வையுங்கள், எடுத்தாயிற்று என்று அர்த்தம். மற்றதை எல்லாம் பேசுவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

என்னிடம் இருக்கிற ஒரே மூலதனம் தொண்டை. அப்பா அம்மா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். நான் பிறந்தது இங்கே. வீட்டுக்குள் "என்னட்டி", வாசலைத் தாண்டினால் "என்னங்க". இரண்டு தமிழுக்கு நடுவில் வளர்ந்தால் மூன்றாவது, நான்காவது எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மினி பஸ் கண்டக்டர், எங்கள் பி.டி. மாஸ்டர், பீகார் பையன்கள் போனில் சண்டை போடுவது, மாமாவின் "ம்" உட்பட எல்லாக் குரலும் எனக்கு வரும். ஸ்கூலில் இதற்காகப் பெஞ்சு மேல் ஏற்றினார்கள். ஸ்டுடியோவில் இதற்காகவே பஜ்ஜி வாங்கித் தருகிறார்கள். கேமராவைப் பார்த்ததும் கல்லாகிப் போகிறவர்களை மறுபடி மனுஷராக்க ஒரு குரல் போதும்.

அடுத்து, பவுடர் பட்டன். மாமா கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமைத்து வைத்திருந்தார். அதைத் தட்டினால் போட்டோவில் இருக்கிற முகம் இரண்டு சுற்று வெளுக்கும். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே நைட் ஷிப்ட் போட்ட கருப்பு எல்லாம் காணாமல் போகும். "கொஞ்சம் கலரா போட்டுருங்க" என்று கேட்காதவர் அபூர்வம் என்பதால், கேட்கும் முன்பே தட்டிவிடுவது கடை வழக்கம். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள், கலரை மட்டும் எங்கள் கீபோர்டில் மறந்து வைத்துவிட்டார்கள்.

அந்தப் பட்டனால்தான் பேச்சியம்மாள் அக்காவுக்கு வந்த ஒரே வாய்ப்பை நான் கெடுக்கப் பார்த்தேன். அக்கா பக்கத்துப் பனியன் கம்பெனியில் பதினாறு வருஷமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர். கென்யாவில் அந்தக் கம்பெனி தொடங்கிய புது யூனிட்டில், அங்கிருக்கிற பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஒரு வருஷம் போய்வர அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தப் பயணம் என் கையில் எப்படிச் சிக்கி எப்படித் தப்பித்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வழியில் இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் நன்றி ஒரு கோட்டுக்கு.

நல்ல சம்பந்தம்

ஸ்டுடியோ சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு கருப்புக் கோட்டு. கோட்டுக்குள்ளே, எப்போதோ யாரோ போட்ட முடிச்சு அவிழாமல் ஒரு சிவப்பு டை, பின்னால் எலாஸ்டிக். லுங்கியோடு வந்தவரும், தலைமுடியில் நூல் பஞ்சு ஒட்டியிருக்க நேராக ஷிப்டிலிருந்து வந்தவரும் அதை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தால், இடுப்புக்கு மேலே ஆபீசர். ஒடிசாக்காரர், பீகார்க்காரர், தேனிக்காரர், உள்ளூர்க்காரர் என்ற பேதம் அதற்குக் கிடையாது. பெரிதாக இருந்தால் முதுகில் துணிக் கிளிப் போடுவோம். சின்னதாக இருந்தால் பட்டனைப் போடாமல் விட்டு, அதுதான் இப்போது ஸ்டைல் என்று சொல்லுவோம்.

ஒரு நாள் திருப்பூர் ராயபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, மஞ்சள் பை. பையிலிருந்து மூன்று போட்டோவை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். அவர் மகளுக்குப் புரோக்கர் கொண்டுவந்த மூன்று மாப்பிள்ளைகள். மூன்று பேரும் அதே கருப்புக் கோட்டில், அதே சிவப்பு டையில் இருந்தார்கள். டையில் டீ சிந்திய கறைகூட அதேதான். "மூணு பேரும் அண்ணந்தம்பிங்களான்னு புரோக்கரைக் கேட்டனுங்க. இல்லீங்க, வேற வேற ஊருங்கறாரு. போட்டோவுக்குப் பின்னால உங்க கடை சீல் இருந்துச்சு, வந்தேன்" என்றார்.

நான் சுவரைக் காட்டினேன். மாமா சண்டைக்குப் பயந்து இருட்டறைப் பக்கம் ஒதுங்கிவிட்டார். பெரியவர் எழுந்துபோய்க் கோட்டுத் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். டையின் எலாஸ்டிக்கை ஒரு இழுப்பு இழுத்து விட்டார். அப்புறம் மூன்று மாப்பிள்ளைகளையும் பைக்குள் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "மாப்பிள்ளைங்க யாரோ இருந்துட்டுப் போகட்டுங் கண்ணு. இந்தக் கோட்டு ஊட்டுக்காரங்க யாருன்னு மட்டும் சொல்லு. நெம்ப நல்ல சம்பந்தமாத் தெரியுது, அங்கயே பேசி முடிச்சரலாம்."

ரத்தம் இல்லாத பையன்

ராஜு பீகாரிலிருந்து வந்து பிரிண்டிங் யூனிட்டில் வேலை பார்க்கிறவன். வந்த புதிதில் "தண்ணி", "சாப்பாடு", "அண்ணா" என்று மூன்றே வார்த்தை வைத்திருந்தான். மூன்று வருஷத்தில் என்னைவிடச் சுத்தமான கோயமுத்தூர்க்காரன் ஆகிவிட்டான். நான் அவனைக் கேலி செய்ய அவன் இந்தியில் பேசுவேன். அவன் பதிலுக்கு "ஏனுங்க்கா, நல்லாத்தானே இருந்தீங்க" என்று கொங்குத் தமிழில் கேட்பான். இரண்டு பேரும் அவரவர் ஊரை அடுத்தவர் வாயில் வைத்துக்கொண்டு பேசுவதைப் பார்த்து, புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் குழம்பிப்போய்த் தப்பான ஆளிடம் வழி கேட்பார்கள்.

அவன் அம்மாவிடம் இருப்பது பேச மட்டும் உதவுகிற சின்னப் போன். மகன் முகத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதனால் கோட்டு மாட்டி, பெரிய சைஸில் ஒரு போட்டோ எடுத்து, பிரேம் போட்டு, ஊருக்குப் போகிற நண்பனிடம் கொடுத்தனுப்பினான். அம்மா பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்பதால் நான் பவுடர் பட்டனை இரண்டு தடவை தட்டினேன். அன்பு அதிகம் ஆனால் கை சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து ராஜு வந்து, ஸ்டூலில் உட்காராமல் நின்றான். "க்யா ஹுவா ராஜு", என்ன ஆச்சு என்று கேட்டேன், அவன் குரலிலேயே. அவன் சிரிக்கவில்லை. "அம்மா ரெண்டு நாளாச் சாப்பிடலீங்க்கா" என்றான். "போட்டோவ மடில வெச்சுட்டு அழுதுட்டே இருக்குதுங்க. எம்பையன் கறுப்பா வாட்டஞ்சாட்டமா இருந்தான், திருப்பூருக்காரங்க ரத்தத்தை எல்லாம் எடுத்துப் போட்டாங்க, உடனே கிளம்பி வான்னு சொல்லுதுங்க."

போட்டோவை வேலைக்கு அனுப்புங்க

பக்கத்துப் பனியன் கம்பெனியில் முகம் பார்த்து வருகை போடுகிற மிஷினைக் கேட்டில் மாட்டினார்கள். முகத்தைக் காட்டினால் ஒரு பெண் குரல் "தேங்க் யூ" என்று சொல்லும். அடையாளம் தெரியவில்லை என்றால் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று, கொஞ்சமும் கோபமில்லாமல் சொல்லும். எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து முகம் பதிய நேரமாகும் என்று, ஆபீஸில் ஏற்கனவே இருந்த அடையாள அட்டைப் போட்டோக்களை அப்படியே மிஷினுக்குள் ஏற்றிவிட்டார்கள். அத்தனையும் எங்கள் கடைப் போட்டோ. அத்தனையும் பட்டன் தட்டியவை.

மறுநாள் காலை, புது அட்டைகள் கொடுப்பதற்காக நான் கேட்டுக்குப் போனபோது வரிசை ரோட்டைத் தொட்டிருந்தது. மிஷின் ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன். ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." அட்டையில் பளபளவென்று இருக்கிற ஆள் நேரில் மாநிறமாக நின்றால் அது என்ன செய்யும், பாவம். அப்போது வரிசையில் நின்ற ஒரு கட்டிங் மாஸ்டருக்கு யோசனை வந்தது. ஒரு அக்காவின் கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை வாங்கி, முகம் முழுக்க அப்பிக்கொண்டு மிஷின் முன் நின்றார். "தேங்க் யூ" என்றது. அவ்வளவுதான். டப்பா கைமாறிக் கைமாறி வரிசையின் கடைசிவரை போனது. ஐந்து நிமிஷத்தில் கேட்டு முன்னால் நூறு பேர் மைதா மாவு மூட்டையில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி நின்றார்கள். அடுத்த வாரம் எல்லோருக்கும் நேரடியாக முகம் பதிந்து சரி செய்தார்கள். நாங்கள் பழியை மிஷின் மேல் போட்டுவிட்டு, பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தோம். எனக்கு அன்று கிடைத்த லாபம் அந்த மிஷின் பெண்ணின் குரல். ஒரு வாரம் பழகி, அச்சு அசலாகப் பிடித்துவிட்டேன்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் காங்கேயத்துக்காரர், யாரையும் அதட்டத் தெரியாதவர். கடைசி ஆள் பவுடர் பூசி முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "ஏனுங் கண்ணு, நாளையிலிருந்து இவிய ஊட்ல இருந்துக்கட்டும், நீங்க அந்தப் போட்டோவை மட்டும் வேலைக்கு அனுப்பிச்சு உட்டுருங்களேன்?"

தினமும் இருக்கிற மாதிரி

லண்டனிலிருந்து சட்டை வாங்குகிறவர்கள் ஒரு போட்டோக்காரரை அனுப்பினார்கள். சட்டை தைக்கிறவர்களின் அன்றாட வாழ்க்கையைப் படம் எடுத்து, அங்கே கடைச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். லைட் பிடிக்க மாமாவையும், பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல என்னையும் கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். என் இங்கிலீஷ் ப்ளஸ் டூ இங்கிலீஷ். அவர் நல்ல மனுஷர், மூன்றாவது தடவையும் கோபப்படாமல் சொன்னதையே சொன்னார்.

"சாதாரணமா வாங்க" என்று கம்பெனியில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். லண்டனில் மாட்டுகிற போட்டோவுக்கு யார் சாதாரணமாக வருவார்கள்? பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. ஆண்கள் இரண்டு பேர் எங்கள் கோட்டைக் கேட்டு வாங்கி வந்து, ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போட்டோக்காரர் தலையில் கை வைக்காத குறை. "நேச்சுரல், நேச்சுரல்" என்றார். எல்லோரும் இன்னும் விறைத்தார்கள். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, கழுத்தைச் சாய்த்து, அவர் குரலில் "நேச்சுரல்ல்" என்று இழுத்தேன். முன்வரிசையில் மிஷினில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் அக்கா வாயைப் பொத்த மறந்து சிரித்துவிட்டார். போட்டோக்காரரின் கேமரா அந்த நொடியைப் பிடித்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். அவர் என்னைக் கூப்பிட்டு, இந்த அம்மாவைப் பட்டுப்புடவையை மாற்றிவிட்டு வேலைக்கு வருகிற பழைய புடவையில் வரச் சொல்ல முடியுமா, தினமும் இருக்கிற மாதிரி வேண்டும் என்றார். சொன்னேன். அக்கா சிரிப்பை நிறுத்தினார். கோபமாகக்கூட இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். நான் அதை ஒரு வார்த்தை விடாமல் போட்டோக்காரருக்கு இங்கிலீஷில் சொல்லி முடிக்க எனக்கு வேர்த்துவிட்டது: "தெனமும் நான் எப்படி இருப்பேன்னு இவருக்கு எப்படிட்டி தெரியும்? இவரு தெனமும் வந்து என்னயப் பாத்துக்கிட்டா இருந்தாரு?"

ஆள் வேறு

போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கி, "சாரி" என்றார். பிறகு எல்லோரையும் பட்டிலேயே, பூவோடு, கோட்டோடு எடுத்துக்கொண்டு போனார். அக்கா சிரித்த அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து அனுப்பியும் வைத்தார். கம்பெனி கேண்டீன் சுவரில் இருக்கிறது. அதற்காக அவருக்கு ஒரு நன்றி.

அதற்கடுத்த மாதம்தான் அக்காவைக் கென்யாவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பாஸ்போர்ட்டை அவரே அலைந்து வாங்கிவிட்டார். பாஸ்போர்ட் ஆபீஸில் முகத்தை அவர்களே படம் எடுத்துக்கொள்வார்கள், எங்கள் கைவரிசைக்கு இடமில்லை. வேலை அனுமதி மனுவுக்கு ஒட்டுகிற போட்டோவுக்குத்தான் எங்களிடம் வந்தார். "தாடை. கண்ணு. ம்." நான் பட்டனைத் தட்டி, அச்செடுத்து, கவரில் போட்டுக் கொடுத்தேன். அக்கா கவரைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மினி பஸ் மாதிரி நான் ஹாரன் சத்தம் போட்டு வழியனுப்பினேன். எனக்கு எல்லாம் விளையாட்டாக இருந்த நாள்.

பன்னிரண்டாம் நாள் மதியம் அக்கா கடை வாசலில் வந்து நின்றார். கையில் கம்பெனி ஆபீஸ் கவர். கண் வீங்கியிருந்தது. மனு திரும்பி வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் இருப்பவரும் போட்டோவில் இருப்பவரும் ஒரே ஆளாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். நாளை மதியத்துக்குள் சரியான போட்டோ வராவிட்டால், நேரமில்லை, வேறு ஒருத்தர் பெயரை அனுப்பிவிடுவோம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். நான் பாஸ்போர்ட்டைத் திறந்து, எங்கள் போட்டோவைப் பக்கத்தில் வைத்தேன். பாஸ்போர்ட்டில், தாடையின் இடது பக்கம், ஒரு மிளகு அளவுக்கு மச்சம். எங்கள் போட்டோவில் அந்த இடம் தேய்த்து வைத்த தரை மாதிரி இருந்தது. கலரும் வேறு. கேண்டீன் சுவரில் சிரிக்கிற படத்தில்கூட அந்த மச்சம் தெரியும். போகும்போது வரும்போது எத்தனை தடவை அதைப் பார்த்திருக்கிறேன். ஆளைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

எனக்கு எந்தக் குரலும் வரவில்லை. என் சொந்தக் குரலில்தான் கேட்டேன், "அக்கா, அன்னைக்கே கவரைத் தொறந்து பாத்தீங்கள்ல, மச்சத்தக் காணோம்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?" அக்கா என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தேன்ட்டி. வெளிநாடு போறவளுக்கு மூஞ்சி இப்படித்தான் இருக்கணும் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

சிரிக்காத முகம்

அப்போதே மறுபடி எடுத்துவிடலாம் என்று ஸ்டூலில் உட்காரவைத்தோம். இந்த மாதிரிப் போட்டோவுக்குச் சட்டம் கறாரானது. சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும், கண் நேராகப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு லைட்டைப் போட்டதும் கண்ணீர் வந்துவிடும். துடைப்பார், உட்காருவார், மறுபடி வரும். "தையல்காரிக்கு எதுக்குடி பாஸ்போர்ட்டுன்னு எங்க அண்ணன் கேட்டாரு. ஊருக்கே பாஸ்போர்ட்டத் தூக்கிக் காட்டிட்டு வந்தேன். இப்ப அவரு சொன்னதுதான் சரியாப் போச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். லைட் குடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கேட்டு மிஷின் பெண்ணின் குரலில், அதே பொறுமையோடு சொன்னேன், "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." அக்கா நிமிர்ந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர்தான், நிறுத்த முடியவில்லை. மாமா கேமராவைத் தூக்குவார், அக்கா "வேண்டாங்க, இருங்க" என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி குலுங்குவார். அழுகையை நிறுத்தத் தெரிந்த எனக்கு, சிரிப்பை நிறுத்துகிற குரல் எதுவும் கைவசம் இல்லை. பி.டி. மாஸ்டர் குரலில் அதட்டிப் பார்த்தேன். இன்னும் அதிகமாகிவிட்டது.

அப்போது மாமா பேசினார். "அந்தப் பட்டனை வெச்சது நானுங்க. தட்டச் சொல்லிக் கொடுத்ததும் நான்தானுங்க. தப்பு என்னோடது. நாளைக்குக் காலைல உங்க ஆபீசுக்கு நானே வந்து சொல்றேனுங்க." கடைக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக நான் கேட்டதில்லை. அக்கா சிரிப்பை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். அழுகையும் போய், சிரிப்பும் போய், நடுவில் ஒரு முகம் வந்து உட்கார்ந்தது. கூட்டமான பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் வருமே, அந்த முகம். "தாடை. கண்ணு. ம்." முடிந்தது. நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். விரல் பழக்கத்தில் பட்டன் மேல் போய் நின்றது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தப் பட்டனைக் கீபோர்டிலிருந்து நெம்பி, பென்சில் டப்பாவில் போட்டு மூடினேன். மாமா பார்த்துவிட்டு, "ம்" என்றார். இந்த "ம்" எனக்குப் புதிது. இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன், சரியாக வரவில்லை.

அச்சு வெளியே வந்தது. மாநிறம், நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு, தாடையில் மிளகு. அக்கா அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துச் சொன்னார்: "இவள எனக்குத் தெரியும்ட்டி."

அங்கேயும் ஒரு ஸ்டுடியோ

போட்டோ மறுநாள் காலையே ஆபீசுக்குப் போனது. மாமாவும் கூடவே போய், சொன்னபடி சொல்லிவிட்டு வந்தார். மூன்றாவது வாரம் அனுமதி வந்தது. அக்கா கிளம்புகிற அன்று கடைக்கு வந்து எங்கள் இரண்டு பேருக்கும் அல்வா கொடுத்தார். அண்ணனே ஏர்போர்ட்டுக்கு வந்து பெட்டியைத் தூக்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அந்த அல்வாவைச் சாப்பிடத் தகுதி உள்ளவளா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு போட்டோவும் ஒரு குரல் பதிவும் வந்தன. போட்டோவில் நடுவில் அக்கா, சுற்றிலும் அவரிடம் தையல் படிக்கிற பத்துப் பெண்கள், எல்லோரும் பளிச்சென்ற உடையில். பதினொரு முகமும் அவரவர் கலரில், அக்காவின் மச்சம் அதன் இடத்தில். குரல் பதிவில் அக்காவோடு சேர்ந்து பின்னணியில் அந்தப் பெண்களும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த ஊர் ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார்கள். அங்கேயும் சுவரில் ஒரு கருப்புக் கோட்டு தொங்குகிறதாம். அங்கேயும் வெள்ளைக்காரர்கள் இருந்துவிட்டுப் போனவர்கள்தானே, எங்களுக்குச் சொந்தக்கார ஸ்டுடியோவாக இருக்கும்.

அந்தப் பதிவை நானும் மாமாவும் ராஜுவும் சேர்ந்து இதுவரை எத்தனை தடவை கேட்டோம் என்று கணக்கில்லை. கடைசியில் அக்கா சொல்வது இதுதான்: "ஏட்டி, இங்கயும் ஒரு பட்டன் இருக்குட்டி. மொதத் தடவ எங்க பதினொரு பேரையும் சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்துட்டான். இந்தப் பிள்ளைகளுக்கு முகமே செத்துப்போச்சு. அவங்கிட்ட என்ன பாஷைல சொல்லன்னு எனக்குத் தெரியல. நம்ம கேட்டு மிஷின் இருக்கால்லா, அவ மாதிரியே போட்டோவத் திருப்பிக் குடுத்துச் சொன்னேன், 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்'னு. இப்ப இந்தப் பத்துப் பிள்ளைகளும் தையல் கோணினாக்கூட அவ குரல்லதான் பேசுதாளுவ."

பட்டன் இப்போதும் பென்சில் டப்பாவில்தான் இருக்கிறது, கலர் கேட்பவர்களிடம் மச்சத்தை என்ன செய்யட்டும் என்று கேட்டுவிட்டே மவுஸைத் தொடுகிறேன், கருப்புக் கோட்டை மட்டும் இரண்டு கண்டத்திலும் இன்னும் யாரும் வெள்ளைக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.